வஞ்சிர மாப்பிள்ளையும் ஒரு மாறுதல் உத்தரவும்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. காலை ஏழே முக்கால் மணி. ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் மகள் இனியாவின் பாதிப் பின்னல். அந்த நேரம் பார்த்து போன் நாலு முறை அதிர்ந்தது. பள்ளிக்கூடப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு.

வழக்கமாக அதில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வரும். அன்றைக்கு ரோஜா இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது. பிரேமா டீச்சருக்குக் காரைக்கால் டிரான்ஸ்பர்.

பின்னல் கையைவிட்டு நழுவியது. இனியா கோபித்துக்கொண்டாள். பின்னலுக்காகத்தான். காரணத்தைச் சொன்னதும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அது இன்னும் மோசம்.

புதுச்சேரியின் சாரம் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது அந்த அரசுத் தொடக்கப் பள்ளி. ஒன்றிலிருந்து ஐந்து வரை. நான்கு அறைகள், ஒரு பாதாம் மரம், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள். தலைமை ஆசிரியை ரெஜினா மேடத்தையும் சேர்த்து ஆசிரியர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் போகிறார் என்றால்... முக்காலியில் ஒரு காலைக் கழற்றினால் என்ன ஆகும்?

அதுவும் போவது பிரேமா டீச்சர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இந்தப் பள்ளியில் இருந்தவர்கள் பதினான்கு பிள்ளைகள்தான். மூடிவிடப் போகிறார்கள் என்று தெருவில் பேச்சு. அந்தக் கோடை விடுமுறை முழுக்க ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனவர் இவர். எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் அப்போது லிஃப்ட் வைத்த ஒரு பள்ளிக்கூடத்தின் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தேன். கல்வியின் தரம் பற்றி அவரிடமே கால் மணி நேரம் பேசினேன். (கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை என்பது வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும்.)

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஐந்து வயது இனியாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாதித் தண்ணீரை வழியெல்லாம் சிந்தி, மீதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு அவளாகவே போய் ஒரு துணியை எடுத்து வந்து தரையைத் துடைத்தாள்.

"தண்ணி சிந்தினா தொடைக்கணும்னு தெரியுது. மீதிய நான் பாத்துக்கறேன் சார்" என்றார் பிரேமா டீச்சர்.

விண்ணப்பத்தின் மறுபாதி காலியாகவே இருந்துவிட்டது.

இப்படி எங்கள் பகுதியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை உண்டு. அதனால்தான் அந்த ஒரு வரிச் செய்தி வந்த அரை மணி நேரத்தில் பள்ளி வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டோம். அதில் சத்தமாகப் பேசியவர் செல்வி. காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து, சாரம் தெருக்களில் கூவி விற்பவர். அந்தக் குரலுக்கு மைக் வேண்டியதில்லை. அவர் மகன் தருண் ஒன்றாம் வகுப்பு, பிரேமா டீச்சரிடம்.

மேலிடத்தில் மனு கொடுத்து உத்தரவை நிறுத்த வேண்டும் என்பது செல்வியின் கட்சி. எல்லோரும் அதே கட்சி. யார் எழுதுவது? எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. வாரா வாரம் எழுதுகிறவன் வேறு எதற்குத்தான் பயன்படுவான்?

எழுதினேன். இரண்டு பக்கம். 'பிஞ்சு நெஞ்சங்கள்' என்று ஓர் இடத்தில் வந்தது. 'இதுதான் கல்விக்குக் காட்டும் மரியாதையா?' என்று முடித்திருந்தேன். சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு கையெழுத்து. என் எழுத்துக்கு இவ்வளவு வேகமாக இவ்வளவு வாசகர்கள் கிடைத்ததே இல்லை.

மறுநாள் காலை ஆறு பேர் கிளம்பினோம். கல்வித்துறை அலுவலகத்துக்குப் போகிற வழியில், முதலில் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் மனுவைக் காட்டிவிடலாம் என்று சொன்னது நான்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... பாராட்டு வாங்கும் ஆசை.

பாதாம் மரத்தடியில் பிள்ளைகள் காலைப் பாலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பிரேமா டீச்சர் டம்ளர்களை நீட்டிக்கொண்டிருந்தார். மனுவை வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார். ஒருமுறை முடித்துவிட்டு, முதல் பக்கத்தை மறுபடி படித்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். இதக் குடுத்துடாதீங்க."

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இது நான் கேட்டு வாங்கின டிரான்ஸ்பர்."

நம் புதுச்சேரி ஒரே துண்டாக இல்லை, காரைக்கால் மாதிரித் துண்டுகள் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன என்பது நமக்கு ஏதாவது சான்றிதழ் வாங்கும்போதுதான் ஞாபகம் வரும். அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தினமும் ஞாபகம் இருக்கும். குடும்பம் ஒரு துண்டில், வேலை இன்னொரு துண்டில். பிரேமா டீச்சரின் கணவருக்கு வேலை காரைக்காலில். இவர் ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீட்டில், மகனுடன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் சாயங்காலம் காரைக்கால். ஞாயிறு சாயங்காலம் திரும்பி வரும் பஸ். இப்படியே வருஷக்கணக்கில்.

அதேபோல் காரைக்காலில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியருக்கு இங்கே கடலோரம் வீராம்பட்டினத்தில் மனைவி, பெற்றோர், கைக்குழந்தை. அவர் இங்கே வர வேண்டும், இவர் அங்கே போக வேண்டும். இருவரும் ஒருவர் இடத்தை மற்றவருக்குக் கொடுக்கச் சம்மதித்து, ஒன்றாக எழுதிக் கொடுத்து, மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய உத்தரவு அது. நான் எழுதிய இரண்டு பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் ஒன்றல்ல, இரண்டு வீடுகளின் கதவைச் சாத்தியிருக்கும்.

 செல்விதான் பேசினார். அந்தப் பெரிய குரல் சின்னதாகியிருந்தது.

"எம்புள்ளைய உங்கள நம்பித்தான டீச்சர் சேத்தேன்."

"தெரியும் செல்வி. அதான் சொல்றதுக்கு வாய் வரல."

டீச்சர் குனிந்து, ஏற்கனவே எண்ணிய டம்ளர்களை மறுபடி எண்ண ஆரம்பித்தார். செல்வியும் குனிந்து இரண்டு டம்ளர்களை எடுத்துக் கொடுத்தார். பிறகு, டீச்சரின் பையனுக்கு என்ன வயது என்று கேட்டார். ஏழு என்றார் டீச்சர். அப்பாவிடம் ஒட்டுமா என்று கேட்டார்.

"சனிக்கிழமை பஸ்ஸுல சீட்டுலயே உக்கார மாட்டான். காரைக்கால் வர்ற வரைக்கும் ஜன்னலப் புடிச்சிக்கினு நின்னுக்கினே வருவான்."

செல்வியின் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். போனால் பத்து நாளும் ஆகும். படகு திரும்பும் நாளில் தருண் எங்கே போய் நிற்பான் என்பது செல்விக்குத் தெரியும். டீச்சர் என்னிடம் திருப்பிக் கொடுத்திருந்த மனுவை வாங்கி நாலாக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் செருகிக்கொண்டார்.

"புள்ள அப்பாகிட்ட இருக்கட்டும். நீங்க போய்ட்டு வாங்க டீச்சர்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, ஆறுதலாக: "எழுதினது வீணாப் போச்சேண்ணே."

வீணாகத்தான் போனது. ஆனால் என் எழுத்தில் இவ்வளவு நல்லபடியாக வீணானது வேறில்லை.

யோசித்துப் பார்த்தேன். பிரேமா டீச்சரைப் பற்றி எங்களுக்கு எவ்வளவு தெரியும்! எந்தக் குழந்தைக்குப் பூனை என்றால் பயம் என்று அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் கையெழுத்து எங்களுக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கிருந்து திரும்பி வருகிறார் என்று ஐந்து வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நல்ல டீச்சர்கள் பள்ளிக்கூடத்திலேயே முளைத்து, மணியடித்ததும் அலமாரிக்குள் போய்விடுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமோ?

சரி, போவது போகட்டும். ஆண்டு விழா?

பள்ளி அறிவிப்புப் பலகையில் மாதக் கடைசி என்று எழுதியிருந்தது. டீச்சர் விடுவிக்கப்படுவது அடுத்த வெள்ளிக்கிழமை. ஆண்டு விழா நாடகத்தை எழுதி, இரண்டு மாதமாகப் பழக்கி வந்தவர் அவர்தான். அவர் இல்லாமல் அவர் நாடகமா?

ரெஜினா மேடம் அதிகம் பேசாதவர். வராந்தாவில் நாங்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே வந்து டஸ்டரால் பலகையைத் துடைத்து, 'ஆண்டு விழா: வரும் வியாழன் காலை பத்து மணி' என்று எழுதிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களுக்குக் கிடைத்தது ஆறு நாள்.

அந்த ஆறு நாளை எப்படிச் சொல்வது... பந்தல்காரர் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சிறப்பு விருந்தினராக ஒப்புக்கொண்டவர் தேதி மாறியதும் வர முடியாது என்றுவிட்டார். பரிசுக் கோப்பைகளில் பேர் பொறிக்க நேரமில்லை, ஸ்டிக்கர் ஒட்டினோம். நான் நாற்காலி தூக்கினேன். என் மனைவி வங்கியிலிருந்து வந்ததும் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து செதில் தைத்தாள்.

செதிலா? ஆமாம். நாடகம் ஒரு மீன் கல்யாணம். கடலுக்கு அடியில் வஞ்சிர மாப்பிள்ளைக்கும் நெத்திலிப் பெண்ணுக்கும் திருமணம். ஊரே கூடியிருக்கிறது. ஆனால் பெண்ணின் தாய்மாமனான திமிங்கலத்தைக் காணோம். சீர் தூக்கிக்கொண்டு மெதுவாக நீந்தி வருகிறார். மாப்பிள்ளை நம் தருண். மணப்பெண் இரண்டாம் வகுப்பு தேன்மொழி. இனியா நண்டு. ஒத்திகையில் பக்கவாட்டில் நடந்து நடந்து, வீட்டிலும் அப்படியே நடந்தாள்.

செல்விதான் ஆடை ஆலோசகர். என் மனைவி தைத்த முதல் உடுப்பைப் பார்த்துவிட்டு, இது வஞ்சிரம் இல்லை, கெளுத்தி என்று சொல்லிவிட்டார். பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. தருணை நிற்க வைத்து, எந்த இடத்தில் வால் ஒடுங்க வேண்டும் என்று விரலால் காட்டினார். தினமும் வெட்டி விற்கிறவரிடம் யார் வாதாட முடியும்?

வியாழக்கிழமை வந்தது. ஒன்பது மணிக்குச் செய்தி. திமிங்கலத்துக்குக் காய்ச்சல்.

திமிங்கலம் இரண்டு பேர். பிரம்பு வளையங்களை வரிசையாகக் கட்டி, மேலே நீலத் தார்ப்பாய் போர்த்தியது. முன்பாதி ஐந்தாம் வகுப்பு ஹரி, பின்பாதி அதே வகுப்பு யாழினி. பேசுவது முன்பாதி. ஹரிக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. மீதி ஐந்தாம் வகுப்புக்காரர்கள் எல்லோருக்கும் ஏற்கனவே வேஷம் இருந்தது. பெரியவர்களில் யாராவது போகலாம் என்றார் பிரேமா டீச்சர். நான் முன்வந்தேன். ஐந்தாம் வகுப்பு அளவுக்குக் கட்டிய வளையம் என் வயிற்றோடு நின்றுவிட்டது. என் தொப்பையைப் பற்றி ஏற்கனவே இங்கே நிறைய எழுதியாகிவிட்டது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல். வராந்தாவில் ரெஜினா மேடத்துக்கு வணக்கம் சொல்லி, தன் பெயர் கலையரசன் என்றார். காரைக்காலிலிருந்து வரும் ஆசிரியர். முந்தின நாள்தான் அங்கே விடுவித்தார்களாம். திங்கட்கிழமை சேருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம்.

ரெஜினா மேடம் அவரைத் தலையிலிருந்து இடுப்பு வரை அளந்தார்.

"ஜாயினிங் ரிப்போர்ட் திங்கக்கிழமை குடுக்கலாம். இப்ப கொஞ்சம் குனியறீங்களா சார்?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஃபைலை என்னிடம் கொடுத்தார். குனிந்தார்.

பத்து நிமிஷப் பயிற்சி. பயிற்சியாளர் யாழினி. மணி மூன்று தடவை அடித்தால் நடக்க வேண்டும். இடுப்பில் ஒரு தட்டு தட்டினால் வலது பக்கம், இரண்டு தட்டினால் இடது. மேடை நடுவில் நின்று, தாய்மாமன் வராமல் தாலி கட்டுவீர்களா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். உள்ளே இருப்பது யார் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஹரிதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாடகம் நன்றாகத்தான் போனது. இறால்கள் நாதஸ்வரம் ஊதின. நண்டு பந்தி விசாரித்தது. மணி மூன்று தடவை அடித்தது. ஒத்திகையில் வந்ததைவிட ஒன்றரை மடங்கு உயரத்தில், வாலைவிடத் தலை மேலே தூக்கிக்கொண்டு, ஒரு திமிங்கலம் மேடை ஏறியது.

நெத்திலிப் பெண் அண்ணாந்து பார்த்தாள். உதடு துடித்தது. அழ ஆரம்பித்துவிட்டாள். உண்மையான அழுகை. மேடையில் எல்லாம் நின்றுபோனது. ஓரத்தில் நின்ற பிரேமா டீச்சர் மேடையை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார்.

அதற்குள் திமிங்கலம் முட்டி போட்டது. தார்ப்பாய்க்குள்ளிருந்து, வீராம்பட்டினத்துக் குரல் ஒன்று மெதுவாக வந்தது.

"பயப்படாத கண்ணு. நான் சைவம்."

ஒரு விநாடி. பிறகு கூட்டம் சிரித்த சிரிப்பில் பாதாம் மரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. தேன்மொழி அழுதபடியே சிரித்தாள். வஞ்சிர மாப்பிள்ளை தருண் வசனத்தையெல்லாம் மறந்துவிட்டு, அப்படியென்றால் கல்யாணத்தில் என்ன சாப்பிடுவாய் என்று திமிங்கலத்தைக் கேட்டான். சாம்பார் சாதம் என்றது திமிங்கலம். அப்பளம்? வேண்டும், நாலு வேண்டும். நாடகத்தில் இல்லாத இந்தப் பேச்சு ஐந்து நிமிஷம் ஓடியது. பின்பாதியிலிருந்த யாழினி இடுப்பில் தட்டிக்கொண்டே இருந்தாளாம். அவர் திரும்பவில்லை.

நாடகம் முடிந்து தார்ப்பாயை எடுத்தபோது, சட்டை தொப்பலாக நனைந்து, தலை கலைந்து ஓர் ஆள் நின்றார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். பிரேமா டீச்சர் மேடையேறி அவர் பக்கத்தில் போய் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"இவர்தான் கலையரசன் சார். நான் நாளைக்கு ஊருக்குப் போயிடுவேன். திங்கக்கிழமையிலேர்ந்து உங்களுக்கு இவர்தான்."

 ஐம்பத்தேழு பிள்ளைகள் அங்கே. எவன் முதலில் அழுவான் என்று பார்த்தேன். தருண் கையைத் தூக்கினான்.

"இவர் திங்கக்கிழமையும் திமிங்கலமா வருவாரா டீச்சர்?"

அது ஒன்றுதான் அவர்கள் தரப்புச் சந்தேகம்.

மறுநாள் பிரேமா டீச்சரை வழியனுப்பினோம். செல்வி வஞ்சிரக் கருவாட்டை ஐந்து பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் வாசனை மூன்று சீட் வரைக்கும்தான் போகும், கவலைப்படாதீர்கள் என்றார். டீச்சரின் பையன் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில், எப்போது கிளம்புவோம் என்று காலை மாற்றி மாற்றி நின்றான். அவனைப் பார்த்த பிறகு எங்களில் யாருக்கும் டீச்சரைக் கட்டிப் பிடித்து நிறுத்தத் தோன்றவில்லை. அவர் மட்டும் கேட்டைத் தாண்டியபின் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். சரி, தூசி.

திங்கட்கிழமை எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் பொய். ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் வாசலிலேயே உட்கார்ந்து, டீச்சர் வந்தால்தான் உள்ளே வருவோம் என்றார்கள். அதில் ஒருவன் மாப்பிள்ளை தருண். கலையரசன் சார் அவர்களைக் கெஞ்சவில்லை. தானும் படியில் உட்கார்ந்து ஒரு நோட்டை எடுத்தார். தனக்கு இந்தப் பள்ளியில் ஒன்றுமே தெரியாது, டீச்சர் எதை எப்படிச் செய்வார் என்று சொல்லிக் கொடுத்தால் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

சாக்பீஸ் டப்பா எங்கே இருக்கும், பாலில் ஆடை இருந்தால் யாருக்கு எடுத்துவிட வேண்டும், யாரை ஜன்னல் பக்கம் உட்கார வைக்கக் கூடாது... சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எழுத எழுத இவர்களுக்கு அதிகாரம் ஏறிவிட்டது. நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியபோது எல்லோரும் வகுப்புக்குள் இருந்தார்கள். சார் சரியாகச் செய்கிறாரா என்று மேற்பார்வை பார்க்க.

இப்போது அறிவிப்புப் பலகை நிறைந்திருக்கிறது. கண் பரிசோதனை முகாம், விளையாட்டு விழா, அடுத்த வருஷச் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகும் வாரம். விளையாட்டு விழாவில் பெற்றோருக்குக் கயிறு இழுக்கும் போட்டி என்று கலையரசன் சார் சேர்த்திருக்கிறார். என் எதிரணியில் செல்வி. எனக்கு முடிவு இப்போதே தெரியும்.

நேற்று பிரேமா டீச்சர் காரைக்காலிலிருந்து பேசினார். வீடு பிடித்துவிட்டது, பையன் அப்பாவோடு தினமும் கடைக்குப் போகிறான் என்றார். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன். சிரித்தார்.

"கலையரசன் சார் எங்கன்னு இங்க புள்ளைங்க ஒரு வாரமா அழுவுதுங்க. ஒரு பொண்ணு நேரா வந்து, நீங்க எப்ப போவீங்கன்னு கேட்டுது. ரிட்டயர் ஆனதுக்கப்புறம்னேன். அது எப்பன்னுது. இருவத்திரெண்டு வருஷம்னேன். விரல் விட்டு எண்ணிப் பாத்துது சார், பத்துக்கு மேல தெரியல. வா, மீதிய நான் சொல்லித் தர்றேன்னு பக்கத்துல உக்கார வெச்சிக்கினேன்."

இன்று காலை டீச்சர் அனுப்பிய செய்திப்படி அந்தப் பெண் இருபது வரை வந்துவிட்டாள். இன்னும் இரண்டுதான் பாக்கி.